கலையரசி ஊரில் இல்லை

ஒரு பெண் கண்ணெதிரே கட்டிலில் படுத்திருக்கிறாள். பெயரைக் கேட்டால் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறாள். கம்ப்யூட்டரோ அவள் பெங்களூரில் குடியிருக்கிறாள் என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்டால் நீங்களும் நானும் கட்டிலைத்தான் பார்ப்போம். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கும். அதன் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் கோபம் வருகிறது.

“குடும்ப அட்டையே ரத்தாகியிருக்குங்க மேடம்,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த வெற்றிச்செல்வி. பெரம்பலூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவு முழுக்க அவள் ஒருத்திதான். “வெளி மாநிலத்துக்குக் குடி போயிட்டதா காட்டுது. இங்க கார்டு இல்லன்னா இங்க உள்ள அரசு காப்பீடும் இல்ல. நேத்து வரைக்கும் எல்லாம் சரியாப் போய்க்கிட்டிருந்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி கடைசியா ஒருதடவை கார்டைச் சரிபார்ப்போம். அங்க நின்னுடுச்சு.”

“பெங்களூர்ல காப்பீடு இருக்குமே?” என்று கேட்டார் சத்யப்பிரியா.

“அதுக்கு அங்க கார்டு யாரு பேர்ல இருக்கோ அவரு போய்ப் பதியணும். இவங்க வூட்டுக்காரரு ரஞ்சித்குமாருதான். பதியல. நான் போன் பண்ணினா எடுக்கறதும் இல்ல. இப்ப இவங்க இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல.”

“அப்ப ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல ஒரு ஆஸ்பத்திரி கட்டினாத்தான் உண்டு,” என்றார் பக்கத்தில் நின்ற தர்மன்.

யாரும் சிரிக்கவில்லை. தர்மன் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவர் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் நின்று வருஷக்கணக்காகிறது, வாய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்யப்பிரியா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். நிஜ நோயாளிகளையும் பொய் என்று எழுதச் சொன்ன அன்றைக்கு அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்து, பெரம்பலூர் நான்கு ரோட்டில் சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் அவர், ஒரு பழைய கார், தர்மன். அவ்வளவுதான்.

அவர்களை வரவழைத்தவன் தமிழ்மாறன். படுத்திருக்கும் கலையரசியின் தம்பி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். சட்டையில் அந்த வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது, மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தான்.

“அக்காவுக்கு இதயத்துல வால்வு கெட்டுப்போச்சு மேடம். மெட்ராஸ்லேருந்து டாக்டரு நாளைக்குக் காலைல வராரு. அவரு மாசத்துக்கு ஒருதடவைதான் வருவாரு. அடுத்த மாசம் வரைக்கும் தாங்காதுன்னு இங்க இருக்கற டாக்டரு சொல்லிட்டாரு. நானே லாரிக்கு க்ளீனரா இருந்து டிரைவரானவன். காப்பீடு இல்லாம எங்களால ஆபரேஷன் பண்ண முடியாது.” அவன் குரல் உடைந்தது. உடனே கோபமாக மாறியது. “யாரு பண்ணுன வேலைன்னு எனக்குத் தெரியும். அந்தப் பாவாடைதான்.”

பாவாடை என்பவர் ரஞ்சித்குமாரின் அண்ணன். சிறுவாச்சூரில் கலையரசிக்குப் பக்கத்து வீடு. காளி கோயிலுக்குப் போகிற வழியில் கலையரசி உரல் போட்டுப் பிழைக்கிற ஒரு துண்டு இடம் இருக்கிறது. அது தனக்குச் சேர வேண்டியது என்று பாவாடை பல தடவை சண்டை போட்டிருக்கிறார். அவள் ஊரைவிட்டே போய்விட்டாள் என்று அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டால் அந்தச் சண்டை அவருக்குச் சுலபமாக முடிந்துவிடும். தமிழ்மாறனின் கணக்கு இது. கேட்கிறவருக்கும் சரியாகவே பட்டது.

“நேரா ஸ்டேஷனுக்குப் போயி அவரு மேல புகார் கொடுக்கப் போறேன்.”

“கொடுக்காதீங்க,” என்றாள் வெற்றிச்செல்வி பதறி. “சாயங்காலம் காப்பீட்டு அதிகாரி குருநாதன் சார் இங்க வராரு. இவங்க நெஜமாவே இங்கதான் குடியிருக்காங்கன்னு அவருக்கு நேர்ல விசாரிச்சுத் திருப்தியாச்சுன்னா, அவசரம்னு இன்னிக்கே அனுமதி போட்டுடுவாரு. கார்டை அப்பறமா சரி பண்ணிக்கலாம். ஆனா போலீஸ் கேஸ்னு ஆயிட்டா, விசாரணை முடியட்டும்னு அவரு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவாரு.”

“பேரை எங்கே எடுத்திருக்காங்கன்னு தெரியுதா?” என்றார் சத்யப்பிரியா.

“அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சேவை மையத்துல. ஆடி மாசம் மொத வெள்ளிக்கிழமை.”

வார்டுக்குள் கலையரசி தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும் என்று தமிழ்மாறன் சொன்னான்.

“பேரை எடுக்கும்போது உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்குமேம்மா?” என்று கேட்டார் சத்யப்பிரியா.

“என்னென்னமோ வருது. யாரு பாக்கறா.”

“போன் யார் கையில இருக்கும்?”

“உரல் போட்டிருக்கற எடத்துல கெடக்கும். யாரு வேணும்னாலும் எடுப்பாங்க.”

“பாவாடையும் எடுப்பாருல்ல?” என்றான் தமிழ்மாறன்.

“அவரு இல்லடா.” இதை மட்டும் அவள் சட்டென்று சொன்னாள். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தாள். “யாரையும் போய்க் கேக்க வேணாங்க மேடம். போனது போகட்டும். எம் புருஷன் தீவாளிக்கு வரேன்னாரு, வேலை இருந்துச்சு, வர முடியல. பொங்கலுக்கு வருவாரு. வந்தா எல்லாம் சரி பண்ணிடுவாரு.”

பொங்கல் வரை அவள் இருப்பாளா என்பதுதான் கேள்வி.

சிறுவாச்சூர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த இரண்டு நாளும் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. வேண்டிக்கொண்டவர்கள் அங்கேயே உரலில் அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்குப் போடுவார்கள். உலக்கை பிடிக்கத் தெரியாதவர்களுக்கு இடித்துக் கொடுப்பதுதான் கலையரசியின் பிழைப்பு. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் வெகு நாள் இடித்திருக்கிறாள்.

அன்று புதன்கிழமை. தெருவில் ஒரு நாய் மட்டும் நடந்து போனது. கார் நிறுத்தும் காலி மனையில் பாவாடை பந்தல்காலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கையில் கடப்பாரை.

“மேடம், நாம காருக்குள்ளேருந்தே விசாரிக்கலாமா?” என்றார் தர்மன் மெதுவாக.

சத்யப்பிரியா இறங்கி நேராக அவரிடம் போனார். விஷயத்தைக் கேட்டதும் பாவாடை கடப்பாரையை ஓங்கி மண்ணில் குத்தினார். தர்மன் ஓரடி பின்னால் போனார்.

“அந்தப் பொண்ணு ஊர்ல இல்லன்னு எவன் சொன்னான்?”

“கார்டை ரத்து பண்ணி யாரோ சொல்லியிருக்காங்க. அதான் நீங்க ஆடி மொத வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்கன்னு கேக்க வந்தோம்.”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? இங்கதான் இருந்தேன். ஆடி வெள்ளின்னா எங்க ஊர்ல செத்தவன்கூட எந்திரிச்சு வந்து வண்டிக்கு டோக்கன் கிழிப்பான்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “எடத்துக்கு நான் சண்டை போட்டது உண்மைதான். இன்னமும் போடுவேன். அதுக்காக நோவுல கெடக்கறவளை ஏன் கெடுக்கறேன்? அன்னிக்குக் கூட்டத்துல என் வண்டி வேலையையும் பாத்துக்கிட்டு, அவ உரலையும் எம் பொண்டாட்டியை வுட்டுப் பாத்துக்கச் சொன்னேன். வர்ற சனம் திரும்பிப் போயிடக் கூடாதுல்ல.”

“பாத்தீங்களா மேடம், எடத்தைப் புடிக்க அன்னிக்கே துண்டு போட்டுட்டாரு,” என்றார் தர்மன்.

பாவாடை அவர் பக்கம் திரும்பினார். “யோவ், நீ யாரு? உனக்கு இங்க என்ன வேலை?”

சத்யப்பிரியாவின் போன் அடித்ததால் தர்மன் பிழைத்தார். பேசியது வெற்றிச்செல்வி. தமிழ்மாறன் பொறுக்க முடியாமல் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டானாம். சத்யப்பிரியா உடனே அவனைக் கூப்பிட்டார். தான் திரும்பி வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவன் சரி என்றான். சொன்ன விதத்தைப் பார்த்தால் ரொம்ப நேரம் பொறுப்பான் என்று தோன்றவில்லை.

கார் பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டைப் பிடித்தது. எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்தன. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து நின்றது.

“பாவாடை பொய் சொல்றாரா மேடம்?”

“இல்ல தர்மன். ஆடி வெள்ளிக்கிழமை அவர் ஊரைவிட்டு நகர்ந்திருந்தா ஊரே சொல்லிடும். அன்னிக்கு அந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூட நகர மாட்டாங்க. வருஷத்துக்கே பெரிய வருமானம் அன்னிக்குத்தான்.”

“அப்ப வெளியூர்க்காரன் வேலை.”

“அப்படித்தான் நெனச்சேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. சிறுவாச்சூர்லேருந்து பெரம்பலூர் கூப்பிடு தூரம். அங்க தெருவுக்குத் தெரு சேவை மையம் இருக்கு. அதை விட்டுட்டு ஒருத்தர் பஸ் மாறி அரியலூர் வரைக்கும் ஏன் போகணும்? அதுவும் ஏன் ஆடி வெள்ளியா பார்த்துப் போகணும்?”

தர்மன் கியரை மாற்றினார்.

“தெரிஞ்சவங்க கண்ணுல படக் கூடாதுன்னு நெனச்சா, தூரமான ஊருக்குப் போவோம். ஊர்க்காரங்க ஒருத்தரும் வெளிய வராத நாளாவும் பாத்துப் போவோம். எந்த நாள்னு வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. இதைச் செஞ்சவங்க சிறுவாச்சூர்தான். அன்னிக்கு வருமானமே போனாலும் பரவாயில்லன்னு தொழிலை விட்டுட்டுக் கிளம்பினவங்க.”

“ஆடி வெள்ளிக்கிழமை தொழிலை விட்டுட்டுப் போற ஆளு அந்த ஊர்ல யாரு மேடம் இருக்கா? பாவாடை பொண்டாட்டியே அன்னிக்குக் கலையரசி உரலை...” தர்மன் பாதியில் நிறுத்தினார். கார் பேரளியைத் தாண்டியது. அந்த எண்ணம் சரியாக இருக்கக் கூடாது என்று சத்யப்பிரியா உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் சேவை மையம். படி செங்குத்து. நடத்துகிறவர் நசீர், லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் இருந்துவிட்டு வந்து, மனைவி ஃபஹ்மிதாவோடு சேர்ந்து இதை நடத்துகிறார். துப்பறிகிறவர்கள் என்றதும் அவர் முகம் வெளுத்தது.

“நான் தப்பா ஒண்ணும் செய்யல மேடம். அல்லா சாட்சி. கார்டுக்குச் சொந்தக்காரங்களே வந்தாத்தான் செய்வேன்.”

“யார் வந்தாங்க?”

“ஒரு பொம்பள.”

“ஆள் மாறாட்டம்,” என்றார் தர்மன் உற்சாகமாக. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. “வேற பொம்பளையை செட்டப் பண்ணி அனுப்பியிருக்கான் மேடம்.”

ஃபஹ்மிதா தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். “அவங்களை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. படியேறி வந்து உக்காந்தவங்களுக்குப் பேச்சே வரல. மூச்சு அப்படி எரைச்சுச்சு. நான் பயந்துபோயி சுடுதண்ணி வச்சுக் கொடுத்தேன். விரல் வச்சா மெஷின்ல ரேகை வுழல. உள்ளங்கை, விரலெல்லாம் காய்ப்புக் காய்ச்சு மழுங்கிக் கெடந்துச்சு. என்னம்மா வேலை செய்யறீங்கன்னேன். ஒலக்கை புடிக்கறேன்னாங்க. அப்பறம் போனுக்கு வந்த ஓடிபியை அவங்களே பாத்துச் சொன்னாங்க.”

தர்மன் அந்தச் செங்குத்துப் படியைத் திரும்பிப் பார்த்தார்.

“அவங்களே வந்து அவங்க பேரை எடுக்கச் சொன்னாங்களா?” சத்யப்பிரியாவின் குரல் தாழ்ந்திருந்தது.

“மொதல்ல அப்படிச் சொல்லலைங்க,” என்றார் நசீர். “வூட்டுக்காரரு பெங்களூர்ல கார்டு வாங்கணுமாம். அவரு பேரை மட்டும் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தாரு. நானும் எடுக்கப் போனேன். நிறுத்துங்கன்னாங்க. ஒரு ஓரமா உக்காந்து சன்னல் வழியா பஸ் ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் எந்திரிச்சு வந்து, ‘என் பேரையும் சேத்து எடுத்துடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா பெங்களூர் போறதா போட்டுடுங்க’ன்னாங்க.”

“காப்பீடு போயிடும்னு நீங்க சொல்லலையா?”

“சொன்னேன் மேடம். அரிசி, இன்சூரன்ஸ் எல்லாம் நின்னுடும்மா, நெஜமா குடி போறதா இருந்தா போங்க, அங்க போனதும் அங்க உள்ளதுல பதிஞ்சுக்குங்க, இல்லன்னா நீங்க இங்கயே இருந்துக்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அரிசி எனக்குப் பெருசில்லைங்கன்னு சொல்லிட்டாங்க.” நசீர் மனைவியைப் பார்த்தார். “நாங்க அன்னிக்கு ராத்திரி அதைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம்.”

சத்யப்பிரியா படியிறங்கினார். கீழே செருப்புக்கடை வாசலில் நின்று ரஞ்சித்குமாரின் எண்ணைப் போட்டார். ஆஸ்பத்திரி எண் இல்லை என்பதாலோ என்னவோ, இந்தத் தடவை உடனே எடுத்தார்கள். எடுத்தது ஒரு பெண்.

“அவரு குளிக்கிறாரு. யாருங்க?” என்றது குரல். ஒரு குழந்தை பின்னால் அழுதது. “இரு கண்ணு, அப்பா வருவாரு,” என்று அந்தக் குரல் சமாதானப்படுத்தியது.

சத்யப்பிரியா போனை அணைத்தார். தர்மனுக்கும் கேட்டிருந்தது. அவர் போய்க் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர்கள் பயந்ததே நடந்துகொண்டிருந்தது. தமிழ்மாறன் பாவாடையின் சட்டையைப் பிடித்திருந்தான். பாவாடைக்குப் பின்னால் அவர் மனைவி, இன்னும் இரண்டு சிறுவாச்சூர்ப் பெண்கள். கலையரசி ஊரில்தான் இருக்கிறாள் என்று சொல்ல, கேட்காமலே கிளம்பி வந்திருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர்தான் குருநாதன்.

“இது குடும்பத் தகராறு மாதிரி தெரியுதும்மா,” என்று அவர் வெற்றிச்செல்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “இவரு ஏமாத்திட்டாங்கங்கறாரு, அவரு இல்லங்கறாரு. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? முறைப்படி விசாரிச்சுட்டு வரட்டும்.”

“சட்டையை விடுங்க தமிழ்மாறன்,” என்றார் சத்யப்பிரியா. “இவர் செய்யல. யாரும் ஏமாத்தல.” பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். “சார், நான் ஒருதடவை அவங்ககிட்ட தனியா பேசிட்டு வந்துடறேன். அதுக்கப்பறம் நீங்க அவங்களையே கேளுங்க. அவங்க சொல்றதை வச்சு முடிவு பண்ணுங்க.”

குருநாதன் தயங்கினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

கலையரசி கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“அரியலூருக்குப் போனீங்களா?”

“போனேன்.”

“அந்தக்கா சுடுதண்ணி குடுத்தாங்க,” என்றாள் கலையரசி. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து விட்டாள். “தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. ஆனா ஏன்னு எனக்குச் சொல்லுங்க.”

“அங்க ஒருத்தி இருக்கான்னு எனக்குப் போன வருசமே தெரியும். அவரு தண்ணி லாரி ஓட்டற எடத்துல பழக்கம். போனாப் போவுது, நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாம இருந்தாச் சரின்னு வுட்டுட்டேன். ஆடி மாசம் போன் பண்ணி, ‘என் பேரை மட்டும் கார்டுலேருந்து எடுத்துடு, இங்க தனியா கார்டு போடணும்’னாரு. அவரு தனி ஆளுக்கு எதுக்குங்க கார்டு? அவ பேரைப் பொண்டாட்டின்னு ஏத்தத்தான். அதான் முந்திக்கிட்டேன். ரெண்டு பேரு பேரும் சேந்து வெளிய போனா, அங்க ரெண்டு பேரையும் சேத்துத்தானே ஏத்துவாங்க. என் பேரு பொண்டாட்டின்னு அங்க இருக்கற வரைக்கும் அவ பேரு அந்த எடத்துல ஏற முடியாது.”

“அங்க ஏறணும்னா நீங்க நேர்ல போயிருக்கணுமே?”

“ஆவணில போனேன். அங்க மெஷின்ல எப்படியோ ரேகை வுழுந்துச்சு. அவரு ஒரு வார்த்தை பேசல. வூட்டுக்கு வான்னும் சொல்லல. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டு அடுத்த பஸ்ஸுலயே வந்துட்டேன்.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை. நீர் பாட்டுக்கு வழிந்தது. “இப்ப இந்தக் காப்பீட்டுக்காக, நான் அங்க இல்ல, என் பேரை எடுங்கன்னு சொன்னா, நாளைக்கே அவ பேரு ஏறிடும். இத்தனை வருசம் அவரு பொண்டாட்டின்னு இருந்தது அத்தனையும் போயிடும். அதுக்கு நான் செத்தே போவலாம். செத்தாலும் கார்டுல பேரு இருக்கும்ல.”

சத்யப்பிரியாவுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் யார் மேல் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் நின்ற தர்மன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செத்தா மொதல்ல எடுக்கறது உங்க பேரைத்தான் கலையரசி,” என்றார் சத்யப்பிரியா. “அதுக்கு உங்க கைரேகைகூட வேணாம். அவர் ஒரு சான்றிதழைக் காட்டினாப் போதும்.”

கலையரசி திடுக்கிட்டுப் பார்த்தாள். இது அவள் யோசிக்காதது.

“வெளிய ஒருத்தர் உக்காந்திருக்கார். நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு கேப்பார். உண்மையை நீங்கதான் சொல்லணும், உங்களுக்காக நான் பேச மாட்டேன். உங்க தம்பி லாரியை அப்படியே போட்டுட்டு வந்திருக்கான். உங்ககிட்ட சண்டை போடற மனுஷன், நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு சொல்ல ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து நிக்கறார். பெங்களூர்லேருந்து யாரும் வரல. நான் சொல்றது அவ்வளவுதான்.”

குருநாதன் உள்ளே வந்தார். பின்னாலேயே தமிழ்மாறன், பாவாடை, வெற்றிச்செல்வி. மாலை நேர மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அவர்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எங்கம்மா குடியிருக்கீங்க?” என்றார் குருநாதன்.

கலையரசியின் கை போர்வையைப் பிடித்து முறுக்கியது. அவர் கேள்வியை மறுபடி கேட்டார். தமிழ்மாறன் வாயைத் திறந்தான். சத்யப்பிரியா அவன் தோளில் கை வைத்தார்.

“சிறுவாச்சூர்ல,” என்றாள் கலையரசி.

“கம்ப்யூட்டர் பெங்களூர்னு சொல்லுதே. நீங்க அங்க குடி போகவே இல்லையா?”

“நான்தான் சார் போறேன்னு சொல்லி கார்டை எடுக்கச் சொன்னேன். வேற யாரும் இல்ல. ஆனா போவல. ஒரு நாளும் அங்க குடியிருக்கல. அங்க இருக்கற என் பேரை எடுத்துடுங்க.”

“எங்க வூட்டுக்கு அடுத்த வூடு சார்,” என்றார் பாவாடை. “தெனமும் பாக்கறேன்.”

குருநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார். “அனுமதி போட்டுடறேன், அனுப்பும்மா,” என்றார் வெற்றிச்செல்வியிடம். அவள் ஓடினாள். “புது அட்டைக்கும் இப்பவே மனு எழுதிக்கறேன். குடும்பத் தலைவர் பேர் என்ன?”

“ரஞ்சித்குமார், சார்,” என்றான் தமிழ்மாறன்.

“இல்லைங்க,” என்றாள் அவள். “கலையரசி.”

“கூட யார் யார்?”

“கலையரசி மட்டும்தாங்க.”

பேனா எழுதும் சத்தம் கேட்டது. தமிழ்மாறன் அக்காவைப் பார்த்தான், பிறகு பாவாடையைப் பார்த்தான். பாவாடை தலையைக் குனிந்துகொண்டார். அவன் கேட்க வந்ததைக் கேட்க விடாமல் கலையரசி முந்திக்கொண்டாள்.

“பொங்கலுக்கும் வர மாட்டாருடா,” என்றாள்.